மூன்று சந்தனப் பொட்டும் எட்டு ஸ்பிரிங்கும்

இன்ஜினின் மேல்பாகமான ஹெட் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள், வால்வு ஸ்பிரிங் வைப்பதைப் பற்றி ஏதாவது எழுதித் தரச் சொன்னீர்கள். எப்படி வைப்பது என்பதெல்லாம் கம்பெனிக்காரன் புத்தகத்தில் படத்தோடு இருக்கிறது. படிப்பை ஆறாம் ஆண்டோடு விட்டவன் நான்; எனக்கு அதில் படம் மட்டும்தான் நன்றாகப் புரியும். ஆனால் அந்தப் புத்தகத்தை அட்டையிலிருந்து அட்டைவரை புரட்டியிருக்கிறேன். சந்தனத்தைப் பற்றி அதில் ஒரு வரிகூடக் கிடையாது. ஆகவே நான் சந்தனத்தைப் பற்றி எழுதுகிறேன்.

அதற்கு முன் ஒரே ஒரு பாடம். வால்வு உட்காரும் இடம் தேய்ந்துபோனால் கடைந்து சரிசெய்கிறோம். கடைந்தால் வால்வு இன்னும் ஆழமாகப் போய் உட்காரும். இந்தப் பக்கம் எவ்வளவு ஆழம் போனதோ அந்தப் பக்கம் அவ்வளவு தூரம் வால் நீட்டும். வால்வை இழுத்துப் பிடிக்கிற ஸ்பிரிங்குக்கு இடம் தாராளமாகிவிடும். இடம் தாராளமானால் மனிதனே சோம்பேறியாகிறான், ஸ்பிரிங் என்ன செய்யும்? வால்வை வேண்டிய வேகத்தில் மூடாது. அதனால் அந்த உயரத்தை அளந்து, கூடுதலாக இருக்கும் அளவுக்கு அடியில் ஷிம் என்கிற மெல்லிய தகட்டு வளையத்தைப் போட்டு, பழைய இறுக்கத்தைத் திரும்பக் கொண்டுவருகிறோம். பாடம் முடிந்தது. இனி என் மானம் போன கதை.

நான் பயந்த பிறவி. வீட்டுக் கதவைப் பூட்டிவிட்டு முச்சந்திவரை போய், பூட்டினோமா என்று திரும்பி வந்து பார்ப்பவன். ஜெலாப்பாங்கில் நான் வேலை செய்த பட்டறையில் எதையும் நான்கு முறை அளக்காமல் விடமாட்டேன். அதனால் எனக்கு அங்கே 'நாலுதரம்' என்று பெயர். வைத்தவன் கியோங். ஹெட்டை நான் முடித்துக் கொடுப்பேன், அவன் இன்ஜினில் ஏற்றிப் பூட்டுவான். சீனன்தான், ஆனால் ரப்பர் தோட்டத்துக் கடைக்காரர் மகன் என்பதால் நம்மைவிட நல்ல தமிழில் திட்டுவான். இருபது வருடம் பக்கத்துப் பக்கத்து மேசையில் நின்று திட்டு வாங்கியிருக்கிறேன்.

ஒரு புதன்கிழமை வேன் அக்கா வந்தார். பெயர் மேகலா. கோலா கங்சார் பக்கத்தில் ஒரு பழைய ரப்பர் தோட்டம், இப்போது முழுக்க எண்ணெய் எடுக்கும் செம்பனை. அங்கே மேட்டு லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், இன்னும் குடியிருக்கிற குடும்பங்களின் பிள்ளைகள் பதினான்கு பேரைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிக்கொண்டு போவது அவருடைய டீசல் வேன். என்னைவிட ஏழெட்டு வயது சின்னவர்தான். பட்டறையில் எல்லோரும் அக்கா என்பதால் எனக்கும் அதுவே வாயில் ஒட்டிக்கொண்டது.

"அண்ணே, திங்கக்கிழமை ஸ்கூல் தொறக்குது. இந்த வேன் காடி இல்லன்னா என் பதினாலும் வேற வேன்ல ஏறிடும். ஒரு வாரம் ஏசியில போயி பழகிச்சின்னா அப்புறம் என் மூஞ்சிய திரும்பிப் பாக்காது."

"ஆயிடும் அக்கா."

"நான் அக்காவா? ஐசி கார்ட எடுங்க, யாரு மூப்புன்னு பாப்போம்."

"ஒரு மரியாதைக்குச் சொன்னேன் அக்கா."

"மரியாதைய இன்ஜினுக்குக் குடுங்க. எங்க தோட்டத்து எறக்கம் ஒங்களுக்குத் தெரியாது. ரெண்டாங் கியர்ல போட்டு இன்ஜினை அலறவிட்டுத்தான் எறங்குவேன். பிரேக்க நம்பினா பாதியில சூடேறி பிடிக்காமப் போயிடும். இன்ஜின்தான் எனக்கு பிரேக்கு. கீழ இருக்கிற பாலம் ஒரு காடி அகலம். தெரிஞ்சி செய்யிங்க."

மறுநாள் வியாழக்கிழமை ஆயுத பூசை. எங்கள் தவுக்கே, அதாவது முதலாளி, சீனர்தான், ஆனாலும் வருடா வருடம் ஒரு பெட்டி ஆரஞ்சு வாங்கி வைத்துவிட்டு, தன்னுடைய காருக்கும் பொட்டு வைத்தாகிவிட்டதா என்று இரண்டு தடவை கேட்பார். மற்றவர்கள் தங்கள் கருவிப் பெட்டியின் மூடியில் ஒரு பொட்டு வைத்துவிட்டு அவல் கடலை தின்னப் போய்விடுவார்கள். எனக்கு அப்படி முடியாது. மூடிக்குப் பொட்டு வைத்தால் உள்ளே இருப்பவை என்ன நினைக்கும்? ஆகவே ஸ்பேனர் ஸ்பேனராக, சுத்தியல் சுத்தியலாக எல்லாவற்றுக்கும் தனித்தனியாக வைப்பேன்.

முந்திய வருடம் ஒரு சங்கடம் நடந்திருந்தது. எண்ணெய் பட்ட இரும்பில் சந்தனம் நிற்காமல், விடிவதற்குள் எல்லாப் பொட்டும் உதிர்ந்துவிட்டது. அதற்கப்புறம் ஒரு வருடத்துக்குள் என் கை இரண்டு தடவை நசுங்கியது. இரண்டுக்கும் சம்பந்தம் இருக்கிறதா என்று சாமியிடம் கேட்க முடியாது. அதனால் இந்த முறை சந்தனத்தைக் குழைக்கும்போது யாருக்கும் தெரியாமல் ஒரு காரியம் செய்தேன். பிள்ளைகள் பேப்பர் ஒட்டுகிற வெள்ளைப் பசை இருக்கிறதல்லவா, அதை இரண்டு சொட்டு விட்டுக் கலக்கினேன். காய்ந்ததும் கல் மாதிரி நின்றது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

கடைசியாக உயரம் அளக்கும் கேஜ். ஸ்பிரிங் நிற்க வேண்டிய இடத்தில் அதை நிற்கவைத்து, மேலே இருக்கும் தொப்பியைத் தொடும்வரை திருகி நீட்டினால் அளவு சொல்லும். பித்தளை நிறத்தில் ஒரு குட்டிக் குழல். அலமாரியில் தலைகீழாக நின்றுகொண்டிருந்தது. மேலே தெரிந்த அதன் அடி விளிம்பில் ஒரு பொட்டு வைத்தேன். ஓரமாக விழுந்து கோணலாகத் தெரிந்தது. அழகுக்காக இன்னும் இரண்டு வைத்து மூன்றாக்கினேன். குங்குமம் அதற்குள் தீர்ந்துபோயிருந்தது. இருந்திருந்தால் மறுநாள் அந்தச் சிவப்பாவது என் கண்ணைக் குத்தியிருக்கும். பித்தளை நிறத்தில் சந்தனம் எங்கே தெரியப்போகிறது!

வெள்ளிக்கிழமை காலையில் கற்பூரம் காட்டிவிட்டு வேலையை ஆரம்பித்தேன். அக்காவின் ஹெட்டில் எட்டு வால்வு. இடங்கள் ரொம்பக் கெட்டுப்போயிருந்ததால் நிறையவே கடைந்திருந்தேன். எப்படியும் எட்டுக்கும் ஷிம் வேண்டியிருக்கும் என்று ஒரு டப்பா நிறைய எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் கேஜைக் கையில் எடுத்தேன்.

முதல் இடம் அளந்தேன். புத்தகம் சொன்ன அளவு. இரண்டாவதும் அப்படியே. எட்டும் அப்படியே! நம்பாமல் மறுபடி அளந்தேன். என் வழக்கப்படி நான்கு சுற்று. முப்பத்திரண்டு தடவையும் கேஜ் ஆடாமல் அசையாமல் ஒரே பதிலைச் சொன்னது. ஆடாது. மூன்று பொட்டு இருக்கிறதே, முக்காலி மாதிரி.

அன்றைக்கு எனக்கு வந்த நிம்மதியை எப்படிச் சொல்வேன்! ஸ்பிரிங்குகளை ஷிம் இல்லாமலே மாட்டிப் பூட்டினேன். வழக்கமாக ஒரு ஹெட்டை முடித்துக் கொடுத்தால் அது பட்டறையை விட்டுப் போகும்வரை அதைச் சுற்றிச் சுற்றி வருவேன். அன்று கியோங்கிடம் கொடுத்துவிட்டுப் போய் உட்கார்ந்து ஆற அமர தே தாரே என்கிற நுரைத் தேநீர் குடித்தேன். சனிக்கிழமை மத்தியானம் அக்கா வந்து வேனை ஓட்டிக்கொண்டு போனார். இன்ஜின் பூனைக்குட்டி மாதிரி முனகியது.

சனிக்கிழமை மூன்று மணிக்கே பட்டறையைச் சாத்திவிடுவோம், அந்த நேரம். கியோங் என் மேசைப் பக்கம் வந்தான்.

"டேய் நாலுதரம், ஷிம் டப்பா ஏன் நெறைஞ்சி கெடக்கு?"

"தேவப்படல மச்சான்."

"எட்டுக்குமா?"

"எட்டுக்கும். கரெக்டா இருந்திச்சி."

"எவ்ளோ கடைஞ்ச?"

"கொஞ்சம் அதிகந்தான். ஒரு மில்லிக்கு மேல இருக்கும்."

"ஒரு மில்லி கடைஞ்சிருக்க, எடம் கூடவே இல்லியா? கடைஞ்ச இரும்பு ராத்திரியில மொளைச்சிருச்சா?"

"நாலு தரம் அளந்தேன் லா!"

"அது தெரியும். ஆனா நீ காலையில இருந்து சீட்டி அடிக்கிற. இருவது வருசத்துல நீ சீட்டி அடிச்சி நான் கேட்டதே இல்ல. அந்த கேஜ கொண்டா."

கொடுத்தேன். திருப்பிப் பார்த்தான். நகத்தால் சுரண்டினான். பிறகு மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனான்.

"மச்சான், ஒன் கேஜில கோயில் வாசனை அடிக்குது."

எனக்குக் காதுவரை சூடேறியது. அவன் தன் வெர்னியர் அளவுகோலை எடுத்து ஒரு பொட்டின் கனத்தை அளந்தான். "ஒண்ணு புள்ளி ரெண்டு" என்றான். அவனும் வேண்டுமென்றே நான்கு தரம் அளந்தான். நான் கடைந்த கூடுதல் அளவும் அதுதான்; பொட்டின் மேல் ஏறி நின்ற கேஜ் அதை அப்படியே விழுங்கியிருந்தது.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று கேளுங்கள். நான் முப்பத்திரண்டு தடவை அளந்ததாகச் சொன்னேன் அல்லவா? பொய். நான் ஒரே ஒரு தடவைதான் அளந்தேன், அதைத்தான் முப்பத்திரண்டு தடவை செய்தேன். கேஜுக்குள் இருந்த தப்பு ஒவ்வொரு தடவையும் என்னோடு கூடவே வந்து, சரிதான் சரிதான் என்று தலையாட்டியிருக்கிறது. எனக்கு வேண்டிய பதிலே வந்துவிட்டதால் கேஜின் அடியைத் திருப்பிப் பார்க்கத் தோன்றவில்லை. மோசமான பதில் வந்திருந்தால் கேஜைக் கழற்றி, கழுவி, தவுக்கேயின் கண்ணாடியை வாங்கிப் போட்டுக்கொண்டு பார்த்திருப்பேன். நல்ல பதிலை யார் சந்தேகப்படுகிறோம்?

சரி, இப்போது என்ன செய்வது? கியோங்கும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

"ஓடும் லா. நேர் ரோட்டுல வருசக் கணக்கா ஓடும். ஒண்ணும் தெரியாது" என்றான். என்னைச் சோதிக்கிறான் என்று அப்போது எனக்கு விளங்கவில்லை.

அவன் சொன்னது உண்மைதான். சோம்பேறி ஸ்பிரிங் சாதாரண வேகத்தில் பிடிபடாது. இன்ஜின் அலறும்போதுதான் அதன் குணம் தெரியும். வால்வு மூடி முடிப்பதற்குள் பிஸ்டன் மேலே வந்துவிடும். இரண்டும் முட்டிக்கொண்டால் இன்ஜின் அங்கேயே நிற்கும். அக்கா எங்கே அலறவிடுவார் என்பது எனக்குத் தெரியும். அவரே என் முகத்துக்கு நேராகச் சொன்னதுதான்.

"போன் பண்றேன்" என்றேன்.

"என்னான்னு சொல்லுவ?"

"ஆயில் செக் பண்ணணும்னு சொல்லவா?"

"சொல்லு. ஆயில்ல சந்தனம் மெதக்குதான்னு பாக்கணும்னு சொல்லு."

போனை எடுத்தேன். அவசரத்தில் முதல் தடவை தவுக்கேயின் வீட்டுக்குப் போய்விட்டது. இரண்டாவது தடவை அக்கா எடுத்தார்.

"அக்கா, பசியாறிட்டீங்களா?"

"மணி மூணு அண்ணே. மூணு மணிக்கு எவன் காலைப் பசியாறுவான்? என்னா விசயம்?"

"ஒண்ணுமில்ல. சும்மா ஒரு ஃப்ரீ செக்கப்பு..."

"ஒங்க பட்டறையில ஃப்ரீயா கெடைக்கிறது கொசுக்கடி மட்டும்தான். என்னான்னு சொல்லுங்க."

"இல்ல, காடி எப்படி ஓடுது?"

"தங்கமா மேடு ஏறிச்சி. இப்ப மாமியார ஏத்தி உக்கார வச்சிருக்கேன். கீழ சந்தைக்கு எறங்கப் போறேன்."

"எறங்காதீங்க!"

பட்டறைக்கு வெளியே போய்க்கொண்டிருந்த ஒருவர் திரும்பிப் பார்த்தார். அவ்வளவு சத்தம்.

"எறங்காதீங்க அக்கா. ஆஃப் பண்ணுங்க. சாவிய எடுத்துடுங்க."

"ஏன்? என்னா ஆச்சி?"

சொன்னேன். ஆயுத பூசை, பசை, மூன்று பொட்டு, ஒன்று புள்ளி இரண்டு, எல்லாவற்றையும் சொன்னேன்.

"அண்ணே, எனக்கு வெளங்கல. பூசை போட்டதுனால என் இன்ஜின் கெட்டுப் போச்சின்னு சொல்றீங்களா?"

"பூசையால இல்ல அக்கா. என்னால."

அப்புறம் மெதுவாகச் சொன்னார். "பதினாலு பிள்ளைங்க அண்ணே."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். கியோங்கின் பக்கத்தில் நின்று பழகியவனுக்குத் திட்டு ஒரு பொருட்டா? அந்த மூன்று வார்த்தையைத்தான் தாங்க முடியவில்லை.

உங்களுக்கும் ஒருநாள் இப்படி ஒரு போன் போட வேண்டி வரும். வராது என்று யாராவது சொன்னால் அவர் வேலையே செய்யாதவர். அப்போது நான் செய்ததைச் செய்யாதீர்கள். பசியாறினீர்களா என்று கேட்காதீர்கள். காரணம் சொல்லாதீர்கள், மன்னிப்பும் கேட்காதீர்கள். அதெல்லாம் அப்புறம். முதலில் 'நிறுத்துங்கள்' என்று சொல்லுங்கள். நான் என் மானத்தைக் காப்பாற்ற வழி தேடிக்கொண்டிருந்த அந்த ஒரு நிமிடத்தில் அவர் சாவியைத் திருகியிருந்தால்? அதை நினைத்துப் பயப்படுவதற்கென்றே தினமும் கொஞ்சம் நேரம் ஒதுக்கி வைத்திருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நானும் கியோங்கும் கருவிகளை அவன் காரில் ஏற்றிக்கொண்டு அந்த மேட்டு லயத்துக்குப் போனோம். வேனைக் கீழே கொண்டுவர முடியாது, ஆகவே பட்டறைதான் மேலே போக வேண்டும். இறக்கத்தை அன்றுதான் பார்த்தேன். கார் மேட்டில் ஏறும்போதே கண்ணை மூடிக்கொண்டேன்.

"ஏறும்போது எதுக்குடா பயப்படற?" என்றான் கியோங்.

"திரும்ப எறங்கணுமே."

லயத்துக்கு முன்னால் இருந்த பேட்மிண்டன் கோர்ட்டில் வேனை நிறுத்தி வேலையை ஆரம்பித்தோம். ஹெட்டைக் கழற்றாமல் ஒவ்வொரு ஸ்பிரிங்காக எடுத்து அளந்து ஷிம் போட வேண்டும். அக்காவின் மாமியார் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து எங்களுக்கு எதிரே போட்டு உட்கார்ந்துகொண்டார். சந்தைக்குப் போக முடியாமல் போனவர் அவர்தான். வெற்றிலையை மென்றுகொண்டு வெகுநேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"தம்பி, நீதான் பொட்டு வச்ச ஆளா?"

"ஆமாம்மா."

"பொட்டு வச்சதுல தப்பில்ல. தோசைக்கல்லுக்குந்தான் நான் பொட்டு வைக்கிறேன். மறுநாளு மாவு ஊத்தறதுக்கு முன்ன தொடைக்க மாட்டேனா?"

கியோங் கீழே விழாத குறையாகச் சிரித்தான். நான் முப்பது வருடத்தில் கேட்ட பாடங்களிலேயே சின்னதும் நல்லதும் அதுதான். இதைக் கம்பெனிப் புத்தகத்தில் அச்சடித்தால் இரண்டாம் பக்கமே தேவைப்படாது.

அன்றைக்கு அளந்த முறை வேறு. நான் பொட்டைச் சுரண்டி எடுத்த கேஜில் அளந்து வாயைத் திறக்காமல் ஒரு தாளில் எழுதி மடித்து வைத்துக்கொண்டேன். கியோங் என் தாளைப் பார்க்காமல் அவனுடைய வெர்னியரில் அளந்து தன் கையில் எழுதிக்கொண்டான். கடைசியில் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். ஏழு இடம் ஒத்துப்போனது. ஒன்று ஒத்துப்போகவில்லை. யார் தப்பு என்று அரைமணி நேரம் சண்டை போட்டோம். அவன் தப்பு. இதை நீங்கள் அவனிடம் சொன்னால் இல்லை என்பான், நம்பாதீர்கள். ஒரே ஆள் நான்கு தரம் அளப்பதைவிட, ஒத்துப்போகாத இரண்டு பேர் ஒவ்வொரு தரம் அளப்பது மேல். நண்பர்களாக இருந்தால் போதாது. கொஞ்சம் பகையும் வேண்டும்.

எட்டுக்கும் ஷிம் விழுந்தது. சாயந்திரம் வெறும் வேனை அக்காவே ஓட்டி இறக்கினார். என்னை ஓட்ட விடவில்லை. நான் ஓட்டினால் வேன் கீழே போய்ச் சேருவதற்குள் பள்ளிக்கூடம் முடிந்துவிடும் என்றார். இரண்டாம் கியரில் இரண்டு முறை இறங்கி ஏறினோம். இன்ஜின் அலறியது, ஆனால் வேறு சத்தம் எதுவும் இல்லை. கியோங் போதும் என்றான், அக்காவும் போதும் என்றார்.

எனக்குப் போதவில்லை. வெறும் வேன் வேறு, பதினான்கு பிள்ளைகளும் அவர்களுடைய புத்தகப் பைகளும் ஏறிய வேன் வேறு. பாரம் பின்னாலிருந்து தள்ளும். இன்ஜின் இன்னும் அதிகமாக அலற வேண்டியிருக்கும். காலையில் பாலம் தாண்டியதும் ஓரமாக நிறுத்தி எனக்கு ஒரு போன் போடச் சொல்லி அக்காவைக் கெஞ்சினேன். போடாவிட்டால் நானே அங்கு வந்து நிற்பேன் என்றேன். அதற்குப் பயந்துதான் ஒப்புக்கொண்டிருப்பார்.

திங்கட்கிழமை காலை ஆறே முக்காலுக்குப் போன் அடித்தது.

"அண்ணே, பாலம் தாண்டிட்டேன். ஓரமா நிப்பாட்டியிருக்கேன்."

"சத்தம் எதும் வந்திச்சா?"

"எப்பவும்போல அலறிச்சி. வேற ஒண்ணும் இல்ல."

"நல்லா கேட்டீங்களா அக்கா? வால்வு பக்கம் ஒரு மாதிரி..."

"ஐயோ, நீங்களே கேளுங்க" என்று போனை வேனுக்குள் நீட்டிவிட்டார்.

காதில் வைத்து அழுத்திக்கொண்டேன். இன்ஜின் நிதானமாக ஓடிக்கொண்டிருந்தது. அதற்கு நடுவில், இரண்டு மூச்சுக்கு ஒரு தடவை, 'கர்ர்ர்' என்று காய்ந்த இரும்பு உரசுகிற மாதிரி ஒரு சத்தம்.

"ஆஃப் பண்ணுங்க அக்கா! இன்ஜினை ஆஃப் பண்ணுங்க!"

அவர் ஒரு கேள்வியும் கேட்காமல் அணைத்தார். அந்தப் பக்கம் ஒரே அமைதி. தூரத்தில் ஏதோ பறவை கத்தியது. அப்புறம் மறுபடியும் 'கர்ர்ர்.'

இன்ஜின் நின்ற பிறகும் வருகிற சத்தத்தை நான் என் வாழ்நாளில் கேட்டதில்லை.

"அக்கா... அது என்னா?"

"அதுவா? நாலாம் ஆண்டு கவிதா. பின் சீட்டுல கொறட்டை விட்டுத் தூங்குறா. என்னா அண்ணே, அவளையும் கழட்டிப் பாக்கணுமா?"